சக் அருகே தேய்ந்த லேத் பெட் குறித்து

ஐயா, உங்கள் லேத்தின் (கடைசல் இயந்திரம்) சாடில், அதாவது வெட்டுளியைத் தாங்கி நகரும் பகுதி, சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் பகுதி) அருகே தளர்வாகவும், எதிர்முனையிலுள்ள டெயில்ஸ்டாக் பக்கம் இறுக்கமாகவும் நகர்வதாக எழுதியுள்ளீர்கள். சாடில் நகரும் அடித்தளமான பெட், சக் பக்கம் தேய்ந்ததற்கு அது வழக்கமான அடையாளம். எனினும் உலோகத்தைச் சுரண்டிச் சமன்செய்யும் ஸ்கிரேப்பரைக் கையில் எடுக்குமுன், நுண்ணிய ரசமட்டத்தைக் குறுக்காக இரு முனைகளிலும் வைத்துப் பார்த்து, பெட் முறுக்கியிருந்தால் அடிக்கால்களைச் சரிசெய்யுங்கள். வெட்டுமுனை மைய உயரத்திலிருந்து 0.1 மி.மீ. இறங்கினால் 50 மி.மீ. விட்டத்தில் ஒரு மைக்ரான்கூட மாறாது. அதே அளவு பக்கவாட்டில் விலகினாலோ விட்டம் 0.2 மி.மீ. மாறிவிடும். ஆகவே முதலில் அளக்க வேண்டியது சாடிலைப் பக்கவாட்டில் விலகாமல் வழிநடத்தும், பெட்டின் ‘வி’ வடிவத் தடத்தின் சரிவுகளையே. எமரித் தாளை (பலரும் பரிந்துரைப்பார்கள்) அடியோடு தவிருங்கள். அதன் துகள் சாடிலின் அடியில் தங்கி மேலும் அரிக்கும். சாடிலின் ஃபெல்ட் துடைப்பான்களை மாற்றி, 68 தர ஸ்லைடுவே எண்ணெயை (நகர்தடங்களுக்கான எண்ணெய்) நாள்தோறும் இடுங்கள். சாடிலைப் பெட்டோடு பிடித்துவைக்கும் அடித்தகடுகளைத் தேய்ந்த இடத்திற்கேற்ப இறுக்கினால், தேயாத பகுதியில் சாடில் சிக்கிக்கொள்ளும்.