ஐந்து நாள் பைன் காட்டு நடை: பணம் கட்டும் முன் கைடு யாரென்று கேளுங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் வாக்கிங் போகிறேன், சுமார் 5 கிலோமீட்டர். வரும் வசந்த காலத்தில் பைன் காடு வழியாக 5 நாள் குழு நடைபயணம் ஒன்றில் தனியாகச் சேர ஆசை. ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர், 'புதியவர்களுக்கும் ஏற்றது' என்று விளம்பரத்தில் இருக்கிறது. கூடாரம், ஸ்லீப்பிங் பேக், சாப்பாடு, இரவில் கேம்ப் ஃபயர் எல்லாம் கட்டணத்தில் அடக்கமாம். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு என்னால் ஈடுகொடுக்க முடியுமா? பயணத்துக்கு இன்னும் 8 வாரம் இருக்கிறது, ஆனால் இந்த வாரத்துக்குள் முழுப்பணமும் கட்டினால்தான் இடம் உறுதி என்கிறார்கள். கட்டிவிடலாமா?

பதில்: முடியும். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிற உடம்பை 8 வாரத்தில் இதற்குத் தயார்படுத்திவிடலாம். முழுப்பணத்தை மட்டும் இப்போது கட்டாதீர்கள். நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தருவது உங்கள் வயதோ மாத்திரையோ இல்லை, அந்த விளம்பரம்தான்.

முதலில் அந்த 12 கிலோமீட்டரைப் பார்ப்போம். மலைப்பாதையில் தூரத்தை மட்டும் சொல்வது பாதி உண்மை. எத்தனை மீட்டர் ஏற்றம் என்பது மீதி. வில்லியம் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் ஒரு எளிய கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் 12 கிலோமீட்டரில் 300 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதே 12 கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏற்றம் என்றால் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். இது நல்ல உடற்கட்டு உள்ளவர் எங்கும் நிற்காமல் நடந்தால். குழுவோடு, முதுகில் பையோடு, சாப்பாட்டுக்கும் மூச்சு வாங்கவும் நின்று நடந்தால் அந்த நாலு மணி ஆறு ஏழாகிவிடும். அதனால் ஐந்து நாளுக்கும், நாள்வாரியாக, எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை மீட்டர் இறக்கம் என்று கேளுங்கள். பாதையை நடந்து பார்த்தவர்கள் உடனே சொல்வார்கள். 'அதெல்லாம் ஈஸிதான் மேடம்' என்று பதில் வந்தால் அவர்களுக்கே தெரியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

'புதியவர்களுக்கும் ஏற்றது' என்பதற்கும் மதிப்புக் கொடுக்காதீர்கள். சுவிஸ் ஆல்பைன் சங்கம் அந்த நாட்டு மலைப்பாதைகளுக்கு டி1 முதல் டி6 வரை தரம் வைத்திருக்கிறது. எந்தத் தரத்தில் என்ன எதிர்பார்க்கலாம் என்று யார் வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அப்படிப் பொதுவான அளவுகோல் இல்லாத இடங்களில் 'எளிது', 'மிதமானது' என்பதெல்லாம் விற்பவர் போடும் சொற்கள்தான். இடம் நிரம்பாவிட்டால் மிதமானது எளிதாகிவிடும். இதைக் கேட்க ஆளில்லை என்பது எனக்கு நீண்ட நாள் கோபம்.

இனி முக்கியமான விஷயம். உங்களிடம் பணம் கேட்பவர் உங்களோடு நடக்கப் போகிறவரா? பெரும்பாலும் இருக்காது. அழகான படம் போட்டு ஆள் சேர்ப்பவர் ஒருவர். அவர் தலைக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொண்டு உங்களை இன்னொருவரிடம் தள்ளிவிடுவார். அவர் அந்த மலையடிவாரத்தில் யார் கிடைக்கிறாரோ அவரைக் கைடாகப் போடுவார். நடுவில் இரண்டு கை மாறிய பிறகு, கூடாரத்துக்கும் கைடு சம்பளத்துக்கும் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஏதாவது ஆனால், முதல் ஆள் 'நாங்கள் புக்கிங் மட்டும்தான்' என்பார். மூன்றாம் ஆள் உங்கள் பெயரையே அன்று காலையில்தான் கேட்டிருப்பார்.

எனவே பணத்துக்கு முன் கேட்க வேண்டியது கைடின் பெயர். முழுப்பெயர், அவர் இதே பாதையை இதே பருவத்தில் நடத்தியிருக்கிறாரா, முதலுதவிப் பயிற்சி பெற்றிருக்கிறாரா. ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாத இடங்களுக்கென்றே தனிப் பயிற்சி உண்டு. அடிப்படைப் பயிற்சி வழக்கமாக 2 நாள், 16 மணி நேரம். குழு நடத்துகிறவர்களுக்கான பயிற்சி 70, 80 மணி நேரம் வரை போகும். இந்தச் சான்றிதழ்கள் 2, 3 ஆண்டுகளில் காலாவதியாகும், ஆகவே தேதியையும் பாருங்கள். சான்றிதழைக் கேட்டால் கோபித்துக்கொள்கிறவரோடு காட்டுக்குள் போக வேண்டாம்.

அடுத்து, கடைசியில் யார் நடப்பார்? உங்கள் பயத்துக்கு நேரடி பதில் இதில்தான் இருக்கிறது. முன்னால் ஒரு கைடு, கடைசி ஆளுக்குப் பின்னால் இன்னொருவர், பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வந்து சேரும்வரை நிற்பது. இந்த மூன்றும் இருந்தால் நீங்கள் மெதுவாக நடப்பது ஒரு பிரச்சினையே இல்லை. இல்லாவிட்டால் மெதுவாக நடப்பவர் தனியாக நடக்கிறார். பைன் காட்டில் நாலா பக்கமும் ஒரே மாதிரி நெட்டை மரங்கள், தரை முழுக்க ஒரே நிறத்தில் சருகு. ஒற்றையடிப் பாதை சருகுக்கு அடியில் மறைந்துவிடும். முன்னால் போகிறவரின் சட்டை நிறம் கண்ணிலிருந்து மறைந்த ஐந்தாவது நிமிடம், வந்த வழி எது என்ற சந்தேகம் வந்துவிடும். எட்டுப் பேருக்கு ஒரு கைடுக்குக் குறைந்தால் நான் சேர மாட்டேன். கடைசி நேரத்தில் இரண்டு குழுக்களை ஒன்றாக்கிவிடுவதும் நடக்கிறது, 'அதிகபட்சம் எத்தனை பேர்' என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முழுப்பணத்தை முன்கூட்டியே கட்டக் கூடாது என்றேன். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றுகிறவர்கள் நுழைகிற வாசலும் அதுதான். சில காடுகளுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் இருக்கலாம். சீட்டு உங்கள் பெயரில், அடையாள அட்டை எண்ணோடு வரும். அதற்குக் கட்டிய பணம் திரும்பி வராது. அப்படிப்பட்ட பாதையில் ஏற்பாட்டாளர் முன்பணம் கேட்பது நியாயம், அவர் தன் கைக்காசைப் போட முடியாது. ஆனால் நியாயம் எதுவரைக்கும்? சீட்டுக் கட்டணம் வரைக்கும். சாப்பாடு, கூடாரம், கைடு சம்பளம் இவற்றுக்கும் சீட்டுக்கும் சம்பந்தம் இல்லை. எனவே சீட்டுக் கட்டணம் எவ்வளவு என்று தனியாகப் பிரித்துக் கேளுங்கள். அதை மட்டும் கட்டுங்கள். கட்டிய பிறகு உங்கள் பெயர் போட்ட சீட்டின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். 'குரூப் பர்மிட், அதில் தனித்தனிப் பெயர் வராது' என்றால் அந்தக் குழுச் சீட்டின் நகலையும் அதில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் கேளுங்கள். சீட்டே தேவையில்லாத பாதைக்கும் 'பர்மிட்டுக்காக அவசரம்' என்று சொல்லிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். அனுமதி தேவையா இல்லையா என்பதை அந்தக் காட்டை நிர்வகிக்கும் அலுவலகத்தில் நீங்களே கேட்டுவிடலாம். ஆட்கள் குறைந்து பயணம் ரத்தானால் சீட்டுப் பணம் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

இலவச ஸ்லீப்பிங் பேக் விஷயத்துக்கு வருகிறேன். பையின் உள்பக்கத் தையலில் ஒரு சிறு துணிச்சீட்டு இருக்கும். ஐஎஸ்ஓ 23537 தரத்தின்படி சோதித்த பை என்றால் அதில் மூன்று வெப்பநிலை எண்கள் இருக்கும். உதாரணத்துக்கு 0, மைனஸ் 6, மைனஸ் 22. முதல் எண்தான் ஒரு பெண் நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். இரண்டாவது, ஓர் ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கக்கூடியது. மூன்றாவது, குளிரில் செத்துப்போகாமல் சில மணி நேரம் தாக்குப்பிடிப்பது. வாடகைப் பை தருகிறவர்கள் 'மைனஸ் 20 வரை தாங்கும்' என்று சொல்வது இந்த மூன்றாவது எண்ணை வைத்து. நீங்கள் பார்க்க வேண்டியது முதல் எண் மட்டும்தான். அதுவும் புதுப்பைக்கான எண். பல பேர் படுத்து, அமுக்கிக் கட்டி, உப்பல் போன பை அந்தச் சூட்டைத் தராது. துணிச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

முகாமில் எவ்வளவு குளிரும் என்பதற்கு அடிவார ஊரின் வெப்பநிலையைக் காட்டுவார்கள். உயரம் 1000 மீட்டர் கூடினால் சுமார் 6 டிகிரி குறையும். ஊரில் இரவு 7 டிகிரி என்றால் 1000 மீட்டர் மேலே உறைபனிக்குப் பக்கம் வந்துவிடும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், அதை நம்பி வசந்தம்தானே என்று பருத்திச் சட்டையோடு போகிறவர்கள்தான் மாலையில் நடுங்குகிறார்கள். வியர்வையில் நனைந்த பருத்தி உலராது. நடக்கும்போது பருத்தி வேண்டவே வேண்டாம்.

வசந்த காலத்தில் ஓடைகளைப் பற்றியும் கேட்க வேண்டும். மேலே பனி உருகுகிற மலை என்றால் அதிகாலையில் ஓடையில் தண்ணீர் குறைவாக இருக்கும், பிற்பகலில் ஏறும். எந்த ஓடையை எத்தனை மணிக்குக் கடக்கிறோம் என்பதற்குக் கைடிடம் பதில் இருக்க வேண்டும். கடக்கும்போது பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதற முடியும்.

கேம்ப் ஃபயர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. பைன் மரத்தில் பிசின் உண்டு. அதன் சருகு பெட்ரோல் ஊற்றிய வைக்கோல் மாதிரி. புதுப்புல் தலைகாட்டாத வசந்தத்தில் பல பைன் காடுகளுக்கு அது தீப்பருவம். மேலே அணைத்த நெருப்பு சருகுக்கு அடியில், வேர் வழியாகப் புகைந்துகொண்டே இருந்து பிறகு வேறிடத்தில் கிளம்பும். அந்தக் காட்டில் தீ மூட்ட அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பைன் சருகின் மேல் நெருப்பு மூட்டுவதை விளம்பரத்தில் போடுகிற குழுவை நான் அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடுவேன்.

சருகின் மேல் இறங்கும்போது வழுக்கும். குதிகாலை ஊன்றாமல் பாதம் முழுவதும் பதிய, சின்ன அடியாக வையுங்கள். கைத்தடி இரண்டு இருந்தால் முழங்காலுக்கும் நல்லது.

வசந்தத்தில் உண்ணிகள் கிளம்பும். முழுக்கால் பேன்ட், அதன் நுனியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். மாலையில் முழங்காலுக்குப் பின்புறம், தொடையிடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது இரண்டும் கூடாது. அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தோலில் சிவந்த தடிப்போ வந்தால், உண்ணி கடித்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரத்த அழுத்த மாத்திரை: டாக்டரைப் பார்த்து, எந்த உயரம், எத்தனை மணி நேர நடை என்று சொல்லிக் கேளுங்கள். அது உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும் வகை மாத்திரையா என்பதையும் கேளுங்கள், நாள் முழுக்க வியர்க்கும்போது அது முக்கியம். ஏற்பாட்டாளர் ஒரு மருத்துவச் சான்றுப் படிவம் கொடுப்பார். அதை இரண்டு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுத் தர ஒரு டாக்டரும் கிடைப்பார். அது அலுவலகக் கோப்பில் போய்ச் சேரும், கைடு கண்ணில் படாது. வழக்குக்கு உதவும் காகிதம், உங்களுக்கு உதவாது. முதல் நாளே கைடிடம் நேரில் சொல்லுங்கள், மாத்திரை பையின் எந்த அறையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து.

காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். மலையேற்றத்தையே விலக்கிவிடும் பாலிசிகளும் இருக்கின்றன.

பயிற்சிக்கு வருவோம். ஒரு மணி நேர நடை மூச்சுக்குப் போதும். மலையில் சோதனை இரண்டாம் மூன்றாம் நாள் காலையில் வரும், வலிக்கிற காலோடு மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும்போது. அதனால் வாரம் ஒருமுறை அடுத்தடுத்த இரண்டு நாள் நீண்ட நடை போடுங்கள். முதல் வாரம் இரண்டு மணி நேரம், போகப் போக நாலு மணி நேரம். படிக்கட்டு ஏறுவதைவிட இறங்குவதைக் கவனமாகப் பழகுங்கள், தொடை வலிக்கக் காரணம் இறக்கம்தான். பெரிய சுமையைக் குழு ஏற்பாடு செய்பவர்கள் தூக்குகிறார்களா, நீங்களே தூக்க வேண்டுமா என்று கேட்டு, அதே எடையை முதுகில் போட்டுக்கொண்டு நடங்கள். ஷூவை இந்த வாரமே வாங்குங்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், மலைக்குப் போடப்போகும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். இறக்கத்தில் நிற்பதுபோல் முன்னால் சாய்ந்தால் விரல் நுனி ஷூவில் இடிக்கக் கூடாது.

இன்றைக்கே ஏற்பாட்டாளருக்கு எழுதுங்கள்: நாள்வாரி ஏற்ற இறக்கம், கைடின் பெயரும் பயிற்சியும், கடைசியில் நடப்பவர் யார், அதிகபட்ச ஆட்கள், ஸ்லீப்பிங் பேக் துணிச்சீட்டின் படம், ரத்தானால் பணம் எப்படித் திரும்பும். போனில் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும். பதில் சரியாக வந்தால் ஒரு பகுதியை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு, மீதியைக் கிளம்பும் இடத்தில் கைடைப் பார்த்த பிறகு தருவதாகச் சொல்லுங்கள். 'இன்னும் இரண்டு இடம்தான் பாக்கி' என்று மறுபடி நெருக்கினால், வேறு குழு பாருங்கள். அடுத்த 8 வாரத்தில் பாதை வேறாகலாம், நீங்கள் எடுக்கிற பயிற்சி எந்தப் பாதைக்கும் உதவும்.