கல்வெட்டு இல்லாத ஊர்: கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்களுடையது மானாமதுரைப் பக்கம் ஒரு கிராமம். ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு ‘நம்ம ஊர் வரலாறு’ என்று கூட்டம் நடத்துகிறோம். நான்கு கூட்டம் ஆகிவிட்டது. முதலில் முப்பது பேர், கடைசியில் ஒன்பது பேர். எங்கள் ஊரில் கோட்டை இல்லை, கல்வெட்டு இல்லை, எழுத்தாளர் என்று ஒருவரும் பிறக்கவில்லை. அதனால் கீழடி, உத்திரமேரூர் என்றே பேசிக்கொண்டிருந்தோம். போன மாதம் ஊர்க் கண்மாயை வெட்டியது எந்தச் சமூகம் என்று பேச்சுத் திரும்பி, சண்டையில் முடிந்தது. தொடர்ந்து நடத்தலாமா?

ர.

அன்புள்ள ர.,

நடத்துங்கள். நான்கு கூட்டத்தில் ஊர்க்காரர்கள் வாய் திறந்தது அந்தச் சண்டையில்தான் என்று நினைக்கிறேன்.

கண்மாய்க் கரையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊரில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்துக்கு நூலகம் வேண்டாம். காலை ஆறரைக்கு எல்லோரும் மடைப்பக்கம் வரட்டும். பேச்சாளர் உங்கள் ஊர் நீர்பாய்ச்சி, மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுகிறவர். அவரை மேடைப் பேச்சுப் பேசச் சொல்லாதீர்கள், திணறிப்போவார். கேள்வி கேளுங்கள், போதும். முதல் தண்ணீர் எந்த வயலுக்கு? கடைமடைக்காரருக்கு எத்தனை நாள் கழித்து? கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் முறையை எப்படி அளந்தார்கள்? அவர் அப்பாவுக்குக் கூலியாகக் களத்தில் எத்தனை மரக்கால் நெல் அளந்தார்கள்? கடைசியாக எந்த வருஷம் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது? அழிகண்மாய் அன்று, அதாவது தண்ணீர் வற்றி ஊரே மீன்பிடிக்கும் நாளில், ஊத்தாக் கூடையோடு யார் முதலில் இறங்குவது? அப்புறம் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், எந்தத் துறையில் யார் குளிக்கலாம், யார் குளிக்கக் கூடாது என்று. பதில் வர நேரமாகும். காத்திருங்கள்.

கண்மாய்க்குள் பழைய குமிழித் தூம்பு, அதாவது தண்ணீர் திறந்துவிடும் அந்தக் காலத்துக் கல்மடை, இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். தண்ணீருக்குள் நிற்கும் இரண்டு கல்தூண்கள், குறுக்கே பலகைக்கல், அடியில் கல்தொட்டி. தொட்டியின் மேலே இருப்பது நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை. ஒரு ஆள் மூழ்கிப் போய் அடைப்பைத் தூக்கினால் தண்ணீரோடு வண்டலும் சேர்ந்து வயலுக்குப் போகும். நிறைகண்மாயில் அந்த மூழ்கலில் உயிர் போவதும் உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் இந்தத் தூண்களிலேயே கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. உங்கள் ஊர்த் தூணையும் ஒருமுறை கழுவிப் பாருங்கள். கல்வெட்டு இல்லை என்று அதற்குள் முடிவுகட்ட வேண்டாம்.

சரி, சண்டைக்கு வருகிறேன். உத்திரமேரூர் பற்றி நானும் பல ஊர்களில் முழங்கியவன். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தேர்தல், குடவோலை, கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது என்றெல்லாம். ஒரு ஊரில் பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். “எங்க ஆளுக பேரு அந்தக் குடத்துல கெடந்துச்சாய்யா?” என்று கேட்டார்.

கிடக்கவில்லை. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதைத் தெளிவாகவே சொல்கிறது. கால்வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு) வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிரமதேயம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளிலிருந்து ஓலை எடுத்து, அதில் ஆறு பேரை ஏரி வாரியத்துக்கு வைத்தார்கள். அந்த ஏரியில் மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் குடத்துக்குள்ளும் போகவில்லை. இது எனக்குத் தெரியாமல் இல்லை. கைதட்டல் வாங்கும் வரிகளை மட்டும் படித்துவிட்டு மீதியை விட்டிருந்தேன். அந்த அம்மாவிடம் மழுப்பலாக ஏதோ சொல்லிவிட்டு இறங்கினேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. இப்போது அந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசினால் தகுதிகளையும் சேர்த்து முழுதாகப் படிக்கிறேன். கணக்குக் காட்டாதவரையும் அவர் சொந்தக்காரர்களையும் விலக்கிய விதியின் அருமை அதனால் குறைந்துவிடவில்லை.

ஆகவே கண்மாயை வெட்டியது யார் என்ற வழக்குக்கு நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு தெருவிலும் போய் அவரவர் சொல்லும் கதையை அவர்கள் வார்த்தையிலேயே பதிவு செய்யுங்கள். யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, எப்போது என்று எழுதி வையுங்கள். ‘வெட்டினோம்’ என்கிறவரிடம் வெட்டுக்கூலி யார் கொடுத்தார், மண் யார் தலையில் போனது என்றும் கேளுங்கள். ஒரே கதை மூன்று தெருவில் மூன்று விதமாக வரும். மூன்றையும் ஒரே நாளில், ஒரே இடத்தில், கரையில் வைத்து வாசியுங்கள். மறுபடி சத்தம் எழலாம். எழுந்தாலும், தன் கதையைத் தவிர இன்னும் இரண்டு இருப்பது எல்லோர் காதிலும் விழுந்திருக்கும்.

மதுரையில் பசுமை நடைக்காரர்கள் 2010-இலிருந்து மலைகளுக்கும் சமணர் படுக்கைகளுக்கும் ஆட்களைக் கூட்டிப்போகிறார்கள். யானைமலையைச் சிற்ப நகரமாக்கப் போகிறோம் என்ற திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் ஆரம்பித்தது அது. நடை முடிந்ததும் மரத்தடியில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து காலைச் சாப்பாடு. அதை மட்டுமாவது அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவில் சமைப்பது, யார் யார் சாப்பிடுகிறார்கள் என்பதிலேயே உங்கள் ஊரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

தேதி வைக்கும் முன் நீர்பாய்ச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் முறை ஓடும் நாள் என்றால் அவர் வரமாட்டார்.