ஒளு, குளிப்பு: இந்த மாதக் கேள்விகள்

*நகப்பாலிஷ் போட்டுக்கொண்டு ஒளு செய்யலாமா? (கொழிஞ்சாம்பாறை)*

கூடாது. ஒளு என்பது தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் சுத்தம்; தண்ணீர் நகத்தில் படவேண்டும். ஒளு செய்த பிறகு பூசினால் அந்த ஒளு முறியும்வரை தொழலாம். அடுத்த ஒளுவுக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். மருதாணி வெறும் நிறம், அதற்குத் தடையில்லை.

*நான் ராவுத்தர் வீடு, மனைவி மாப்பிள்ளை வீடு. டீ கிளாஸை வாங்கும்போது விரல் பட்டால் ஒளு போய்விட்டது என்கிறாள். (புதுநகரம்)*

அவர் சொல்வது சரி, அவருக்கு. ஷாஃபி மத்ஹபில் (சட்டவழியில்) கணவன் மனைவி தோல் பட்டால் ஒளு முறியும். ஹனஃபியான உங்களுக்கு முறியாது. ஆனால் விரல் வெட்டி ரத்தம் வழிந்தால் உங்கள் ஒளு போய்விடும். மனைவிக்கு ரத்தம் வழிந்தால் கழுவிவிட்டுத் தொழலாம். டீயை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள்.

*மோட்டார் ரிப்பேர். பக்கத்து வீட்டில் கிணறு இருக்கிறது, கேட்கக் கூச்சம். தயம்மும் (மண்ணால் செய்யும் சுத்தம்) செய்து தொழுதேன். (வேலந்தாவளம்)*

கூச்சத்துக்குத் தயம்மும் கிடையாது தம்பி. தேடிப் பார்த்தும் தண்ணீர் இல்லாதபோதுதான் மண். ஹனஃபியில் ஏறக்குறைய ஒரு மைல் தூரத்துக்குள் தண்ணீர் இருக்கக் கூடாது என்று கணக்கு, உங்களுக்குப் பத்தடி. அந்தத் தொழுகையைத் திருப்பித் தொழுங்கள்.

*குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் ஒளு நிறைவாகுமா? மூன்று தடவைக்கு மேல் கழுவினால் கூடுதல் நன்மையா? (கோவிந்தாபுரம்)*

நிறைவாகும். மூன்றுக்கு மேல் நன்மை இல்லை, வெறுக்கத்தக்க செயல்.

இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது. நபி (ஸல்) ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளு செய்தார்கள், ஒரு ஸாவிலிருந்து ஐந்து முத்துக்குள் குளித்தார்கள் என்று நபித்தோழர் அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. முத்து என்றால் முக்கால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலு முத்து ஒரு ஸாவு. எங்கள் பள்ளிக் குழாய்க்கடியில் ஒரு நாள் 15 லிட்டர் பக்கெட் வைத்துப் பார்த்தேன். ஒருவர் தலைக்கு மஸ்ஹு செய்வதற்குள் (ஈரக் கையால் தடவுவதற்குள்) நிறைந்துவிட்டது. கால் இன்னும் பாக்கி! ஹவுளில் (பள்ளித் தொட்டியில்) கையால் அள்ளிய காலத்தில் கணக்கு தானாக வந்தது. குழாய் வந்ததும் போய்விட்டது. ஆளியாற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று கால்வாயையே பார்த்திருக்கும் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர்கள் நாம்! இவ்வளவு கொட்டியும் பலருக்குக் குதிகால் நனைவதில்லை. “குதிகால்களுக்கு நரகத்தின் கேடு” என்ற எச்சரிக்கை அவர்களுக்குத்தான். குளிக்க ஒரு ஸாவு எனக்குப் போதாது என்றவரிடம் நபித்தோழர் ஜாபிர் (ரலி), உன்னைவிட முடி அதிகமும் சிறப்பும் உள்ளவருக்குப் போதுமாக இருந்ததே என்று நபியைச் சுட்டிச் சொன்னார்கள்.

*பக்கெட்டில் நாய் வாய் வைத்துவிட்டது. எத்தனை தடவை கழுவ? (மீனாட்சிபுரம்)*

எந்த மத்ஹபு? எழுதுங்கள் என்று மாதாமாதம் சொல்கிறேன். தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஷாஃபியில் 7 தடவை, அதில் ஒன்று மண் கலந்து, சோப்பு மண்ணாகாது. ஹனஃபியில் 3 போதும், 7 நல்லது.

*தொழுகையில் காற்றுப் பிரிந்ததோ என்று சந்தேகம். சில நாள் ஐந்து தடவை ஒளு செய்கிறேன். (ஊர் எழுதவில்லை)*

இது வஸ்வாஸ், வீண் சந்தேகம். சத்தம் கேட்காமல், வாடை வராமல் தொழுகையை விட்டு நகராதீர்கள். ஹதீஸ் அப்படித்தான் சொல்கிறது. ஐந்து ஒளுவுக்கு எத்தனை பக்கெட் என்று கோவிந்தாபுரத்துக்காரருக்கு எழுதிய பதிலில் பார்த்துக்கொள்ளுங்கள்.