மோசேயைச் செருப்பைக் கழற்றச் சொன்னது தோல் அசுத்தம் என்பதாலா?

கேள்வி இது: "பைபிளில் யாத்திராகமம் 3:5-ல் தேவன் மோசேயிடம் பாதரட்சையைக் கழற்றச் சொன்னது, அது செத்த மிருகத்தின் தோல் என்பதால்தான் என்று எங்கள் சபையில் போதித்தார்கள். அப்படியானால் தோல் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போவது பரிசுத்தக் குறைச்சலா?"

கேட்டவர் அநேகமாக ஒரு புது சபைக்குப் போக ஆரம்பித்திருப்பார். வாசலில் ஒரு மூத்த சகோதரர் இவருடைய காலைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லியிருப்பார். அது ராத்திரி முழுக்க உறுத்தியிருக்கும். என் ஊகம்தான், தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பாஸ்டர் இல்லை. பைபிள் காலேஜ் வாசலைக்கூட மிதித்ததில்லை. சென்னை பெரியமேட்டில் ஷூ மெட்டீரியல் விற்கிற கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எபிரெயம் தெரிந்தவர்கள் வந்து திருத்தினால் கேட்டுக்கொள்வேன். ஆனால் இந்தக் கேள்வியை மட்டும் பார்த்துவிட்டு சும்மா போக முடியவில்லை. என் அப்பா செருப்பு தைத்தவர். ஹைகோர்ட்டுக்கு எதிரே என்.எஸ்.சி. போஸ் ரோடு பிளாட்பாரத்தில் 30 வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். (அப்படியென்றால் நீங்கள் என்ன ஆட்கள் என்று சிலருக்குக் கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள்.)

நீங்கள் கேட்ட அதே போதனையை நான் 1993-ல் கேட்டேன். எனக்கு அப்போது 13 வயது. வீடு புளியந்தோப்பில். மே மாதம் எங்கள் சபையில் மூன்று நாள் கன்வென்ஷன், வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். சபை பெயரும் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். பந்தலில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மோசேக்கு முன்னால் கருகாமல் எரிந்த முட்செடியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர் குரலை ஏற்றினார். "செருப்புன்னா என்ன? செத்த மாட்டுத் தோல்! செத்ததைக் கால்ல மாட்டிக்கிட்டு ஜீவனுள்ள தேவன்கிட்ட வரலாமா?" பந்தல் முழுக்க அல்லேலூயா. "அதைத் தொடுற கை பரிசுத்தமான கையா?" இன்னொரு அல்லேலூயா.

நான் அப்பாவின் கையைப் பார்த்தேன். சனிக்கிழமை ராத்திரி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, அப்புறம் சோப்பு போட்டு, அப்புறம் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். அப்படியும் நகக்கண்ணில் இருக்கிற கறுப்பு போகாது. மெழுகு நூலும் சொல்யூஷனும் சாயமும் சேர்ந்த கறுப்பு அது. பாட்டு வரும்போது இரண்டு கையையும் தூக்கிப் பாடுகிறவர், அன்றைக்குத் தூக்கவில்லை. மடியில் கிடந்த துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டார். ஜெபம் முடிகிறவரை வெளியே எடுக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் எதுவும் கேட்கவில்லை. பாதி தூரம் வந்த பிறகு அவரே சொன்னார்: "அந்த ஐயா கையில இருந்த பைபிள பாத்தியாடா? அட்டை நல்ல ஆட்டுத்தோல். ரெக்சின் இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். கோபம் இருந்த மாதிரியும் தெரியவில்லை. தொழில்காரர் சரக்கை மதிப்பிடுகிற மாதிரிதான் சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு என் பள்ளிக்கூட பைபிளையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். மே மாதம் ஹைகோர்ட் லீவு, வக்கீல்கள் வரத்து குறைவு. நான் யாத்திராகமம் வாசிப்பேன், அவர் தைத்துக்கொண்டே கேட்பார். மூன்றாவது வரை படித்தவர், எழுத்துக்கூட்டி வாசிப்பார், ஆனால் காதால் கேட்டால் ஒரு சொல் விடமாட்டார். கோணியில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலாலும் குதிகாலாலும் தோலை அமுக்கிப் பிடித்துத்தான் தைப்பார். அதனால் வேலை நேரத்தில் அவர் காலில் செருப்பு இருந்து நான் பார்த்ததில்லை.

3:5 வந்ததும் நிறுத்தச் சொன்னார். "இங்கே கிட்டிச் சேராயாக, உன் கால்களில் இருக்கிற பாதரட்சையைக் கழற்றிப்போடு, நீ நிற்கிற இடம் பரிசுத்த பூமி." இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அந்த நேரத்தில் ஒரு வக்கீல் வந்தார், லீவிலும் ஏதோ அவசர கேஸ் போலிருக்கிறது. ஷூவின் சோல் வாயைப் பிளந்திருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டு நின்றார். மே மாத பிளாட்பாரம் எப்படிச் சுடும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பா பழைய அட்டை ஒன்றைத் தள்ளிவிட்டார். அந்தக் கறுப்புக் கோட்டு மனிதர் ஒரு கால் அட்டையில், ஒரு கால் அந்தக் காலின் மேல் என்று கொக்கு மாதிரி நின்றார். அதுவரை அவசரமாகப் பேசிக்கொண்டிருந்தவர் சாந்தமாகிவிட்டார். எங்கள் சாப்பாட்டைப் பார்த்து, என்ன குழம்பு என்றுகூடக் கேட்டார்.

அவர் போன பிறகு அப்பா சொன்னது: "செருப்பக் கழட்டிக் குடுத்துட்டவன் எங்கயும் போவ முடியாதுடா. அந்த மோசே வேடிக்கை பாக்க வந்தாரு. செடி எரியுதே, கருவலையேன்னு பாத்துட்டு, ஆட்ட ஓட்டிக்கினு போயிருப்பாரு. நில்லுன்னு சொல்லத்தான் கழட்டச் சொன்னாரு."

இது வியாக்கியானமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் பிற்பாடு நானே வாசிக்கும்போது இரண்டு இடத்தில் திடுக்கிட்டேன். ஒன்று, 3:11-லிருந்து 4:13 வரை மோசே ஐந்து தடவை தட்டிக் கழிக்கிறார். நான் எம்மாத்திரம், உம்முடைய நாமம் என்ன, அவர்கள் நம்ப மாட்டார்கள், எனக்குத் திக்குவாய், வேறே ஆளை அனுப்பும். அத்தனைக்கும் அவர் காலில் செருப்பு இல்லை. மற்றொன்று 12:11. எகிப்தைவிட்டுப் புறப்படுகிற ராத்திரியில் பஸ்கா விருந்தைச் சாப்பிடும்போது, அதே தேவன் காலில் பாதரட்சை போட்டுக்கொண்டே சாப்பிடச் சொல்கிறார். இடுப்பில் கச்சை, கையில் தடி, சீக்கிரம் சீக்கிரம் என்று. தோல்தான் அசுத்தம் என்றால் பஸ்கா பந்தியில் அதை எப்படி விட்டார்? அங்கே கிளம்ப வேண்டும், அதனால் போடு. இங்கே நிற்க வேண்டும், அதனால் கழற்று.

25-ம் அதிகாரத்துக்கு மேல் சபையில் யாரும் வாசிக்க மாட்டார்கள். தேவனை ஆராதிக்க வனாந்தரத்தில் போட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள், கொக்கி, காதுகள், பாதங்கள். எல்லாரும் தூங்குகிற இடம் அது. அப்பாவுக்கோ அங்கேதான் உயிரே வந்தது. ஆட்டுமயிரால் 11 மூடுதிரை, ஒவ்வொன்றும் 30 முழ நீளம், 4 முழ அகலம். அதற்கு மேல் சிவப்புச் சாயம் ஏற்றிய ஆட்டுக்கடாத்தோலால் ஒரு மூடி. அதற்கும் மேல் தகசுத்தோலால் (அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன்) ஒரு மூடி. 26:14-ஐ நான் வாசித்ததும் குத்தூசியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா சொன்ன? தோலா? சாமி கூடாரத்து மேலயா?"

தோல் மூடிக்கு அளவு எழுதப்படவில்லை. அடியில் இருக்கிற ஆட்டுமயிர்த் திரையை மூட எவ்வளவு வேண்டும் என்று அவரே கணக்குப் போடச் சொன்னார். முழத்துக்கு ஒன்றரை அடி. 30 முழ நீளம் என்றால் 45 அடி, 11 திரைக்கு 4 முழம் வீதம் 44 முழம் என்றால் 66 அடி. 2,970 சதுர அடி. பெரியமேட்டில் தோல் இன்றைக்கும் சதுர அடிக் கணக்குதான். ஆட்டுத்தோல் ஒன்று ஐந்து அடி வரும் என்றார். "வேஸ்ட்டு சேத்தா அறுநூறுக்கு மேல வேணும்டா." கொஞ்ச நேரம் போன பிறகு, "அறுநூறு தோலு. அத்தினியும் ஒருத்தன் மயிரெடுத்து, சதையெடுத்து, பட்டைத் தண்ணில ஊறப்போட்டு, சாயம் ஏத்தியிருப்பான். அவன் கை எப்டி இருந்திருக்கும்?" என்றார்.

பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் பழைய ஆட்களைக் கேளுங்கள், தோல் ஷாப் வாசம் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். குரோம்பேட்டைக்குப் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான். அந்த வாசத்தில் நின்ற ஒருவர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட தோல் போட்ட கூடாரத்தைத்தான் 40:34-ல் மேகம் வந்து மூடுகிறது, கர்த்தருடைய மகிமை நிரப்புகிறது. மோசேயே உள்ளே போக முடியவில்லை. ஆசாரியனான ஆரோனுக்கு வஸ்திரங்களைத் தைத்தவர்களைக்கூட, ஞானத்தின் ஆவியினால் நான் நிரப்பினவர்கள் என்று 28:3 சொல்கிறது. தையல்காரர்களை, ஐயா! பிரசங்கியார்களை இல்லை.

சரி, லேவியராகமத்தைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறவர்களுக்கு: 11-ம் அதிகாரத்தில் செத்த மிருகத்தின் உடலைத் தொட்டால் சாயங்காலம்வரை தீட்டு என்று இருக்கிறது, நானும் வாசித்திருக்கிறேன். பதனிட்டுத் தைத்த தோலே தீட்டு என்று அது சொல்லவில்லை. அதே புத்தகம் 7:8-ல், சர்வாங்க தகனபலியாக எரிக்கிற மிருகத்தின் தோல் பலியிடுகிற ஆசாரியனுக்குச் சேரும் என்கிறது. அசுத்தமானதையா ஆசாரியனுக்குச் சம்பளமாகக் கொடுப்பார்கள்? ஆதியாகமம் 3:21-ல் ஆதாமுக்கும் ஏவாளுக்கும் தோல் உடை செய்து உடுத்தியது யார் என்றும் பாருங்கள். அப்போஸ்தலர் 10-ல் பேதுரு தங்கியிருந்தது தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில். இன்னும் வேண்டுமானால் தேடித் தருகிறேன், இதில் மட்டும் நான் கொஞ்சம் படித்தவன்.

அப்படியானால் பரிசுத்தத்துக்குப் பயமே வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. 19-ம் அதிகாரத்தில் சீனாய் மலையைச் சுற்றி எல்லை போடுகிறார்கள், தொட்டவன் சாவான். மலை புகைகிறது, ஜனங்கள் நடுங்குகிறார்கள், அடுத்த அதிகாரத்தில் தூரத்தில் போய் நிற்கிறார்கள். அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே மலையில், 24-ம் அதிகாரத்தில், மூப்பர்கள் 70 பேர் ஏறிப் போய்த் தேவனைத் தரிசிக்கிறார்கள், அப்புறம் சாப்பிட்டுக் குடிக்கிறார்கள். என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதவில்லை. எனக்கு இந்த வசனம் ஒவ்வொரு முறையும் அந்த வக்கீலைத்தான் ஞாபகப்படுத்துகிறது, என்ன குழம்பு என்று கேட்டாரே. மோசே செருப்பைக் கழற்றி நின்ற ஓரேப் மலைப் பக்கத்து அந்த மண்ணும் அதற்கு முந்தின நாள்வரை ஆட்டுப்புழுக்கை கிடந்த மேய்ச்சல் நிலம்தான். மண்ணுக்கென்று தனிப் பரிசுத்தம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. தேவன் அங்கே வந்து நின்றார், அதனால் பரிசுத்த பூமி.

தோலை அசுத்தம் என்று பேசுகிறவர்களிடம் எனக்கு வேறு ஒரு வருத்தமும் உண்டு. தோல் செருப்பு போடவே இப்போது எத்தனை பேருக்கு வக்கு இருக்கிறது? எங்கள் கடைக்கு வருவதில் பாதி ரெக்சினும் பி.யு. என்கிற பிளாஸ்டிக் சோலும்தான். ஆறு மாதத்தில் பிய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிறார்கள், தைக்க யாரும் வருவதில்லை. 2022 ஜனவரியில் ஆயிரம் ரூபாய்க்குள் விற்கிற செருப்புக்கும் ஜிஎஸ்டியை 5 சதவீதத்திலிருந்து 12-க்கு ஏற்றினார்கள். பில் மாற்றி பில் மாற்றி எனக்குக் கண் போனது. எங்களிடம் அட்டையும் ஐலெட்டும் வாங்கிக்கொண்டிருந்த சின்னப் பட்டறைக்காரர்கள் நாலைந்து பேர் கடையைப் பூட்டினார்கள். 2025 செப்டம்பரில் திரும்ப 5-க்கு இறக்கினார்கள், போனவர்கள் திரும்பி வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் எந்த ஜெபக் குறிப்பிலும் இது வந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாய் விரித்த சபை என்றால் வாசலில் கழற்றுங்கள், வீட்டு வாசலில் கழற்றுகிற மாதிரி. பெஞ்சு போட்ட பழைய சர்ச்சுகளில் ஷூவோடுதான் உட்காருகிறார்கள், நீங்களும் உட்காருங்கள். உங்கள் காலைப் பார்த்த அந்த மூத்த சகோதரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவருடைய பைபிள் அட்டையை மட்டும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

அப்பா 2011-ல் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைக்குக் கொண்டுபோவதற்கு முன் பெட்டிக்காரர் பையன் கோட்டு போட்டுவிட்டு, ஷூ போடணுமா அண்ணே, சாக்ஸ் போதுமா என்று கேட்டான். இரண்டும் வேண்டாம் என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

திருத்தம்: கமெண்ட்டில் ஒருவர் தகசு என்றால் என்ன மிருகம் என்று கேட்டிருக்கிறார். அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. கடல் மிருகம் என்கிறவர்கள் உண்டு, வளைதோண்டுகிற மிருகம் என்றும் மொழிபெயர்த்திருக்கிறார்கள், மிருகமே இல்லை, தோலுக்கு ஏற்றின நிறம் என்றும் சொல்கிறார்கள். நம் தமிழ் பைபிள் மொழிபெயர்க்காமல் தகசு என்றே விட்டுவிட்டது. எசேக்கியேல் 16:10-ல் தேவன் எருசலேமின் காலுக்குப் போட்டுவிடுகிற பாதரட்சைக்கும் எபிரெயத்தில் இதே சொல்தான் என்று படித்தேன், அது அப்பா போன பிறகு தெரிந்தது. அவரிடம் நான் அன்றைக்கே தகசு என்றால் என்ன என்று கேட்டேன். "எதுவா இருந்தா இன்னா? எல்லாத்துக்கும் மேல போட்டிருக்காங்கன்னா தண்ணி நிக்காத தோலுடா அது" என்று சொல்லிவிட்டுக் குத்தூசியை எடுத்துக்கொண்டார்.