அலமேலு என்றால் துன்பமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐந்து மாதக் கைக்குழந்தைக்குத் தன் பாட்டியின் பெயரான அலமேலுவை வைக்க அவருக்கு ஆசை. "அலம் என்றால் துன்பம், அந்தப் பெயர் வேண்டாம்" என்று உறவினர் ஒருவர் தடுக்கிறாராம். வைக்கலாமா, வைத்தால் சான்றிதழில் அலமேலு என்று எழுதுவதா, அலர்மேல்மங்கை என்று எழுதுவதா என்று கேட்கிறார்.

தாராளமாக வையுங்கள். உறவினர் பெயரைத் தப்பான இடத்தில் வெட்டிவிட்டார். அலமரல் என்று ஒரு பழைய சொல் உண்டு. அதற்குச் சுழற்சி என்று பொருள் சொல்கிறது தொல்காப்பியம். மனம் சுழன்று தவிப்பதையும் அந்தச் சொல்லால் குறிப்பார்கள். ஆனால் அதற்கும் அலமேலுவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது அலர் மேல் மங்கை. அலர் என்றால் மலர், இங்கே தாமரை. தாமரைமேல் வீற்றிருக்கும் திருமகளின் பெயர்.

(சங்கப் பாடல்களில், காதலர்களைப் பற்றி ஊர் பேசும் பேச்சுக்கும் அலர் என்றுதான் பெயர். நாளை யாராவது அதைக் காட்டி உங்களைக் குழப்பக்கூடும் என்பதால் சொல்லிவைக்கிறேன். இந்தப் பெயரில் இருப்பது பூதான்.)

ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே நம்மாழ்வார் இந்தப் பெயரைத் திருவேங்கடத்தோடு சேர்த்துப் பாடிவிட்டார். "அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல்மங்கை உறை மார்பா" என்பது திருவாய்மொழி. நொடிப்பொழுதும் பிரியமாட்டேன் என்று சொல்லித் திருமாலின் மார்பில் குடியிருப்பவள் அவள். பெண் குழந்தைக்கு வைக்க இதைவிட அன்பான பெயர் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் பத்மாவதித் தாயாருக்கும் இதே பெயர். அங்குள்ள பத்ம சரோவரத்தில் பொற்றாமரையில் தோன்றியவள் என்பது தலபுராணம். ஊரையே அலமேலுமங்காபுரம் என்றும் சொல்வார்கள். 15ஆம் நூற்றாண்டில் அன்னமாச்சார்யா தெலுங்குக் கீர்த்தனைகளில் அலமேலுமங்கா என்று உருகிப் பாடினார். தமிழில் பிறந்த பெயர் தெலுங்கு நாக்கில் அவ்வளவு இயல்பாக உட்கார்ந்துவிட்டது.

கன்னட நாட்டுக்கும் போயிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் மைசூர் உடையார் கைக்கு மாறியதை ஒட்டி ஒரு கதை வழங்குகிறது. விஜயநகரத்தின் பிரதிநிதியாக அங்கே இருந்தவரின் மனைவி அலமேலம்மா. கோயில் நகைகளைக் கேட்டு ஆட்கள் துரத்தி வந்தபோது, தலக்காடு மணல் மூடிப் போகட்டும், மைசூர் அரசருக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சபித்துவிட்டுக் காவிரியில் குதித்தாளாம். இதை வைத்தும் பெயர் ராசியில்லை என்பார்கள். காதில் வாங்காதீர்கள். மைசூர் அரண்மனையிலேயே அவள் உருவத்தை வைத்து வணங்குகிறார்கள்.

சரி, அலர்மேல் எப்படி அலமேலு ஆயிற்று? பேச்சில் ஒற்றெழுத்துத் தேய்வது வழக்கம். 'ர்' அப்படித்தான் போனது. கடைசியில் வந்த 'உ', கல் கல்லு ஆவது, பால் பாலு ஆவது போன்றது. நீளமாக இருந்ததால் மங்கையும் கழன்றுகொண்டாள். ஆகவே இதைக் கொச்சை என்று ஒதுக்க வேண்டாம். தலைமுறை தலைமுறையாக வாயார அழைத்ததில் வழவழப்பான பெயர் இது. செட்டிநாட்டு ஆச்சிமார் முதல் அக்கிரகாரத்துப் பாட்டிமார் வரை பலருக்கும் சொந்தமாக இருந்தது.

சான்றிதழுக்கு என்னைக் கேட்டால், அலமேலு என்றே எழுதுங்கள். நீங்கள் வைக்க நினைப்பது பாட்டியின் பெயர்; அவர் அலமேலுவாகத்தான் வாழ்ந்தார். முழு வடிவத்தில் ஆசை என்றால் அலர்மேல்மங்கையும் அருமைதான். ஆனால் ஆங்கில எழுத்தில் பள்ளிக்கு ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டுக்கு ஒரு மாதிரி எழுத நேர்ந்து அந்தக் குழந்தை பின்னால் அலைய வேண்டியிருக்கும். இரண்டில் எதுவானாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலை இன்றே முடிவு செய்து ஒரு தாளில் எழுதிவைத்துவிடுங்கள்.

பிறப்பைப் பதிவு செய்தாகிவிட்டது என்றால், 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் உண்டு. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரை வீட்டில் அலமு என்று கூப்பிட்டுப் பாருங்கள்.