வெள்ளைப் புள்ளி இருந்தாலே எம்.எஸ். நோயா? நரம்பியல் மருத்துவர் பதில்கள்

டாக்டர், வயசு 34. ஒற்றைத் தலைவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தேன். மூளையில் வெள்ளைப் புள்ளிகள், மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் (எம்.எஸ்.) இருக்கலாம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மூன்று நாளாகத் தூக்கமே இல்லை.

‘இருக்கலாம்’ என்றுதானேம்மா எழுதியிருக்கிறார்கள்? எம்.எஸ். என்பது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். ஒற்றைத் தலைவலி, ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கும் இப்படிப் புள்ளிகள் வரும். நோயே இல்லாமல் இரண்டு வருஷம் எம்.எஸ். ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண் என்னிடம் வந்தார். அவருக்கும் இருந்தது ஒற்றைத் தலைவலிதான். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: புள்ளி எத்தனை என்பதைவிட எங்கே, எந்த வடிவில் என்பதுதான் முக்கியம்.

எம்.எஸ். தழும்புகள், அதாவது அந்த நோயால் வரும் புள்ளிகள், மூளைக்குள் நீர் நிறைந்த அறைகளை ஒட்டியும், மூளையின் மேற்பட்டையை ஒட்டியும், மூளைத்தண்டு, சிறுமூளை, தண்டுவடத்திலும் வரும். பக்கவாட்டுப் படத்தில் அந்த அறைகளின் மேல்விளிம்பிலிருந்து விரல் விரலாகக் கிளம்பி நிற்கும். 1916-இல் இதை விரிவாக எழுதிய எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் டாசன் பெயரால் ‘டாசன் விரல்கள்’ என்கிறோம். ஒவ்வொரு விரலுக்கும் நடுவே மெல்லிய சிரை ஒன்று ஓடும். அழற்சி அந்தச் சிரையைச் சுற்றித் தொடங்குவதால்தான் இந்த வடிவம்.

ஒரு கண் பார்வை மங்கியதா? கை கால் மரத்துப்போய் ஒரு நாளுக்கு மேல் நீடித்ததா? இதையெல்லாம் கேட்காமல் யாரும் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது. ஃபிலிமோடு ஒரு நரம்பியல் மருத்துவரை நேரில் பாருங்கள்.

செலவு குறையுமே, சி.டி. ஸ்கேன் போதாதா சார்?

போதாது. 1981-இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 10 எம்.எஸ். நோயாளிகளுக்கு இரண்டையும் எடுத்துப் பார்த்தார்கள். சி.டி.யில் தெரிந்த தழும்புகள் 19. எம்.ஆர்.ஐ.யில் அதற்கு மேல் இன்னும் 112.

கான்ட்ராஸ்ட் ஊசி எதற்கு? அம்மா பயப்படுகிறார்.

மூளைக்குள் கண்ட பொருளும் நுழையாதபடி ரத்தக்குழாய்ச் சுவர் காவல் நிற்கிறது. புதிதாக அழற்சி வந்த இடத்தில் அந்தக் காவல் தளர்ந்து, ஊசியில் போன காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்து கசிந்து பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் சில வாரங்களில் அது அடங்கிவிடும். ஒரே படத்தில் பளிச்சிடும் தழும்பும் பளிச்சிடாததும் இருந்தால், இரண்டும் வெவ்வேறு சமயத்தில் வந்தவை. எம்.எஸ். என்று உறுதிசெய்ய, நோய் வெவ்வேறு சமயத்தில் தாக்கியது தெரியவேண்டும் என்பதால் முன்பெல்லாம் அடுத்த தாக்குதல் வரட்டும் என்று காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பை இந்த ஊசி பலருக்குக் குறைத்திருக்கிறது. அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூளை ஸ்கேன் நார்மல். ஆனால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிறது. எம்.எஸ். இல்லை என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள் தம்பி, தண்டுவடத்தையும் எடுங்கள். வயசானால் மூளையில் புள்ளி வரும், தண்டுவடத்தில் அப்படி வராது. அங்கே ஒன்று தெரிந்தால் அதற்குக் காரணம் தேடியே ஆகவேண்டும். எம்.எஸ். தழும்பு பொதுவாகக் குட்டையாக இருக்கும். மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கு மேல் ஓடினால் என்.எம்.ஓ. (கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் அழற்சி நோய்) போன்ற வேறு நோயாக இருக்கலாம், அதற்கான ரத்தப் பரிசோதனை அவசியம். சில எம்.எஸ். மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கிவிடும். வைட்டமின் பி12 குறைவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கச் சொல்கிறார்கள். ஸ்கேன் இருக்கும்போது அது எதற்கு?

எல்லோருக்கும் தேவையில்லை. படம் பாதிதான் சொல்கிறது என்றால் கைகொடுக்கும். தழும்புகள் வெவ்வேறு காலத்தில் வந்தவை என்று ஸ்கேனில் நிரூபிக்க முடியாதபோது, முதுகுநீரில் மட்டும் தெரியும் புரதப் பட்டைகளை அதற்கு ஈடாக, எம்.எஸ். நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் பயன்படுத்தும் மெக்டொனால்ட் வரையறையின் 2017 பதிப்பு ஏற்றுக்கொண்டது.

அடுத்த ஸ்கேனுக்கு என்ன கொண்டு போகணும்?

பழைய படங்கள் பதிந்த டிஸ்க்கை. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. முடிந்தால் அதே மெஷினில் எடுங்கள். மூன்று மில்லிமீட்டர் புள்ளி புதுசா பழசா என்று இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.