தட்டான் பிடித்த கை

கேள்வி: ஜப்பானிய ஓவியர் உதமாரோ என்றாலே அழகிகளின் முகம்தான். அவர் பூச்சிகளையும் வரைந்தாராமே?
– வாசகி ஒருவர், காரைக்குடி

பதில்: வரைந்தார், அதுவும் காதல் கவிதைக்காக! 1788இல் எடோவில் (இன்றைய டோக்கியோ) ‘எஹோன் முஷி எராமி’ என்ற நூலைப் பதிப்பாளர் த்ஸுதயா ஜூசாபுரோ வெளியிட்டார். 15 படங்கள், 30 ‘க்யோகா’ பாடல்கள். க்யோகா என்பது 31 அசையில் எழுதும் கேலிப் பாட்டு. பெரிய மனிதர்களின் ‘வாகா’ என்ற மரபுக் கவிதைக்கு அதே அளவில் தைத்த கோமாளிச் சட்டை. இதில் பூச்சிகளை வைத்துக் காதலைப் புலம்புகிறார்கள். பாம்பும் தவளையும்கூடப் பூச்சிக் கணக்கில் வந்துவிட்டன!

தொகுத்தவரின் புனைபெயர் ‘யாதோயா நோ மேஷிமோரி’. சத்திரத்தில் சோறு பரிமாறுபவர் என்று பொருள். குடும்பத் தொழிலே சத்திரம்தான்.

எனக்குப் பிடித்தது பின்னுரை. எழுதியவர் உதமாரோவின் ஆசான் செகியென். சிறுவயதில் இவன் தட்டானை நூலில் கட்டுவான், வெட்டுக்கிளியைக் கையில் வைத்து விளையாடுவான் என்கிறார். தட்டான் வாலில் நூல் நானும் கட்டியிருக்கிறேன். படம்தான் வரவில்லை.

அச்சுக்கு மரப்பலகை; ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே செதுக்க வேண்டும். அந்தப் புத்தகத்துத் தட்டானின் இறகை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். செதுக்கியவரின் கையை நினைத்தால் எனக்குக் கண் வலிக்கிறது.